தலையெண்ணிக்கை

உடுமலை பஸ் சின்னாறு செக்போஸ்ட்டில் நின்றது.
காக்கிச் சட்டை ஒன்று ஏறி வந்து
தண்ணீர் பாட்டில்களை எண்ணிவிட்டு இறங்கியது.
ஆட்களை எண்ணவில்லை.

மறையூரில் முதலில் தெரிந்தது கம்பி வேலி.
வேலிக்குள் சந்தனமரங்கள்,
ஒவ்வொன்றின் இடுப்பிலும் பெயின்ட்டில் ஒரு எண்.
வாசித்துக்கொண்டே வந்தேன், பழக்கம்.
திருப்பூரில் பேக்கிங் பிரிவு, பத்தொன்பது வருஷம்.
டஜன் கட்டி, அட்டைப்பெட்டி மூடி, ஸ்டிக்கர் ஒட்டுவதற்குள்
விரல் தானாக எண்ணி முடித்திருக்கும்.
ஒரு பீஸ் குறைந்தால் அன்றைக்குத் தூக்கம் வராது.
நாலு நாள் லீவு கேட்டபோது மேனேஜர்
"மலைல யாரு இருக்கா?" என்றார்.
யாருமில்லை என்பதைக் காரணமாக எழுத
ஃபாரத்தில் இடமில்லை.

வழிகாட்டி பேர் பினீஷ்.
என் பையை ஒற்றைக் கையில் தூக்கிப் பார்த்தான்,
திறக்கச் சொன்னான்,
இஸ்திரிப் பெட்டியை எடுத்து ஜீப்பில் வைத்தான்.
யாரும் சிரிக்கவில்லை. அதுதான் சங்கடம்.

பிறகு எண்ணினான்.
ஒன்னு, ரண்டு, மூன்னு, நாலு, அஞ்சு, ஆறு.
விரல் என்னிடம் வந்து நின்றது.
ஏழு.

கரும்புத் தோட்டம் முடிகிற இடத்தில் ஒரு தரம்.
ஓடை தாண்டி ஒரு தரம்.
தைலப்புல் ஆளுயரம் வளர்ந்து
முன்னால் போன முதுகுகளை விழுங்கிவிட்ட இடத்தில்
புல்லைப் பார்த்தே எண்ணினான்.
அவன் எண்ணியது மலையாளம்,
எனக்குக் கேட்டது தமிழ்.
எல்லை என்று ஒன்று மூன்றில் மட்டும் இருந்தது:
எனக்கு மூணு, அவனுக்கு மூன்னு.
அந்த இடத்தில் நின்றவர் பேபிச்சன்,
கோட்டயத்தில் போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவர்.
எப்படிக் கூப்பிட்டாலும் ஊன்றுகோலைத் தூக்கி
"உண்டு" என்றார்.

ஏற ஏற போனுக்குக் கிறுக்குப் பிடித்தது.
கேரளம் வரவேற்கிறது. தமிழ்நாடு வரவேற்கிறது.
ஒரே பாறையில் உட்கார்ந்திருக்கையில் நாலு வரவேற்பு.
அணைத்துப் பைக்குள் போட்டேன்.

அட்டை என்றால் எனக்குப் பெட்டி.
இங்கே அது காலுறைக்குள் ஏறி
சத்தமில்லாமல் குடித்தது.
பேபிச்சன் மனைவி அன்னக்குட்டி, குவைத்தில் நர்ஸ்,
உப்பு வைத்தாள். "சாரமில்லா" என்றாள்.
ரத்தம் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது,
வலியே இல்லாத ரத்தம்.

மூன்று மணிக்கு முனியறை.
நாலு பக்கமும் பலகைக் கல், மேலே ஒரு மூடி,
அசப்பில் எங்கள் கம்பெனிப் பெட்டி.
இடது குதிகால் எரிந்தது.
பின்பக்கமாகப் போய்
உள்ளே நுழைந்து ஷூவைக் கழற்றினேன்.
காய்ந்த ஆட்டுப் புழுக்கை. நல்ல நிழல்.
வெளியே குரல் கேட்டது,
நாலு, அஞ்சு, ஆறு.

அப்புறம் ஒரு மௌனம்.

அந்த மௌனம் என்னுடையது.
பத்தொன்பது வருஷமாக அதன் இந்தப் பக்கம் நின்றிருக்கிறேன்,
அடிவயிறு சில்லிட, கட்டைப் பிரித்து, முதலிலிருந்து.
அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று தெரியாது.
குறைந்த பீஸ் எங்கோ மேசைக்கடியில்
சும்மாதான் கிடந்திருக்கும் போல.

குரல் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.
மறுபடி எண்ணினான், வேகமாக.
ஆறு.
"ஏழு எவிடெ?"
ஓடி வருகிற கால்களில் கல் உருண்டது.
"ஏழு! ஏழு சேச்சீ!"

ஒற்றை ஷூவோடு தலையை நீட்டி
"உண்டு" என்றேன்.
அவன் திட்டவில்லை.
முழங்காலில் கை ஊன்றி
கொஞ்ச நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ராத்திரி கஞ்சி, பயறு, சுட்ட பப்படம்.
கூடாரத்துக்கு வெளியே டார்ச் வெளிச்சம்
ஒவ்வொரு துணியாகத் தொட்டு நகர்ந்தது.
என் துணியில் வந்து, நின்று, போனது.
அவனை யாரும் எண்ணவில்லை என்று
அப்போதுதான் பட்டது.
எட்டு, என்றேன்,
வெளியே கேட்டிருக்காது.
குதிகாலில் பிளாஸ்திரி ஒட்டவில்லை, ஈரம்.
நாளைக்குப் பதினொரு கிலோமீட்டராம்.