வினைமுற்று

நியூயார்க், இரண்டாம் அவென்யூ.
பல் மருத்துவமனைக்கு மேலே ஒன்பதாம் மாடியில் எங்கள் நாடு.
இரண்டு அறை, வாடகைக்கு எடுத்த நகல் இயந்திரம்,
தூதர் ஜொஸ்லின் வெள்ளையப்பன், நான்,
செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வரும் கணக்காளர்.
கொடி, குளிர்கோட்டுகளோடு அலமாரியில் தொங்கும்.

வியாழன் மாலை
படையெடுத்த நாட்டின் ஆலோசகர் வந்தார்.
சாக்லேட் பெட்டியை மேசையில் வைத்தார்.
போரைப் பற்றி ஒரு சொல் இல்லை.
"உரக்கப்பல் வந்து சேர்ந்ததா?"
நோயாளியை நலம் விசாரிப்பதுபோல் கேட்டார்.
வரவில்லை என்பது
எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

வெள்ளி காலை மற்றவன் வந்தான்.
லிஃப்ட் பழுது. ஒன்பது மாடியும் ஏறி,
தீர்மான நகல்களை மழை படாமல்
சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தான்.
எங்கள் தீவின் பெயரைச் சரியாக உச்சரித்தான்.
ஆறு வருடத்தில் இந்த ஊரில் அவன் இரண்டாவது ஆள்;
முதல் ஆள் தபால்காரர்.
உட்காரச் சொன்னோம்.
உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன் என்றான்.

தலைநகரிலிருந்து மூன்று செய்திகள்.
முதலாவது: ஆழ்ந்த கவலை தெரிவிக்கவும்.
இரண்டாவது: 'ஆழ்ந்த' வேண்டாம்.
மூன்றாவது, செயலரின் சொந்தக் கைப்பேசியிலிருந்து:
வாக்கெடுப்பு வேளையில் தூதருக்குப் பல்வலி வரலாம்,
கீழேயே மருத்துவர் இருக்கிறாரே.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள்.
மத்தளமாவது சத்தம் போடும்.

இரவு உரை எழுத உட்கார்ந்தேன்.
ஆங்கிலத்தில் எழுவாய் வந்த கையோடு
வினை வந்து வாசலை மறிக்கிறது:
கண்டிக்கிறோமா, வருந்துகிறோமா,
கவனத்தில் கொள்கிறோமா?
தமிழில் யோசித்தால் வசதி.
எல்லை கடந்து, நகரங்களைச் சூழ்ந்து,
தண்ணீர்க் குழாய்களை உடைத்து,
பிரசவ விடுதியின் கூரையைப் பெயர்த்து என்று
எச்சத்தின் மேல் எச்சமாய் அடுக்கிக்கொண்டே போகலாம்.
முற்று கடைசியில்தான்.
அதுவரை நாங்கள் யார் பக்கமும் இல்லை.
அதுவரை அங்கே எரிகிறது.

ஜொஸ்லின் தோளுக்கு மேலாகப் படித்தார்.
"நம்மிடம் என்ன இருக்கிறது, சொல்லு" என்றார்.
ஒரு ரோந்துப் படகு, அதிலும் ஓர் இயந்திரம் பழுது.
நாற்பத்தொரு காவலர்கள்.
"எல்லை என்ற அந்தச் சொல்லை விட்டால்
நம் கடலுக்கு வேலி ஏது?"
பிறகு நெடுநேரம் பேசவில்லை.
தீவில் உரமில்லாத மரவள்ளியின் உயரத்தை
இருவருமே மனதில் அளந்துகொண்டிருந்தோம்.

திங்கள்.
மேசையில் மூன்று பொத்தான்கள்.
பச்சை, சிவப்பு,
மதில்மேல் பூனைகளுக்கு மஞ்சள்.
செயலர் அழைத்தார், கைப்பேசி மரமேசையில் நடுங்கியது.
"பல்லை நேற்றே பிடுங்கியாயிற்று"
என்று அதனிடம் சொல்லிவிட்டு, எடுக்காமல்,
ஜொஸ்லின் பச்சையை அழுத்தினார்.

பலகையின் அடியில் எங்கள் பெயர் ஒளிர்ந்தது.
யாரும் கைதட்டவில்லை.
ஆலோசகர் சின்ன நோட்டில் ஏதோ குறித்தார்.
அந்தப் பையனைத் தேடினேன்:
பின்வரிசையில் ஒருவழியாக உட்கார்ந்திருந்தான்,
வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

செவ்வாயன்று கணக்காளர்
சாக்லேட் பெட்டியை எந்தத் தலைப்பில் எழுதுவது என்றார்.
கப்பல் பாதிக்கடலில் திரும்பிவிட்டதாக
துறைமுகத்திலிருந்து தகவல்.
தலைநகரம் விளக்கம் கேட்டது:
அறிவுறுத்தலை மீறிப் பொத்தானை யார்?
கேள்வி அத்தோடு நின்றது, வினை இல்லாமல்.

வீட்டுக்கு அனுப்பும் அறிக்கை எப்போதும் தமிழில்தான்.
'அழுத்தப்பட்டது' என்று எழுதினால் அங்கே ஆளே இல்லை.
'அழுத்தினார்' என்றால் ஜொஸ்லினோடு போகும்;
எனக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் பதினோரு வருடம்.
லிஃப்ட் இன்னும் ஓடவில்லை.
கீழ்மாடியில் யாருக்கோ பல்லைக் குடையும் சத்தம்.

அழுத்தினோம் என்று முடித்து
கையெழுத்துப் போட்டேன்.