பத்தாம் இடத்துப் பூஜ்ஜியம்

சனிக்கிழமை பதினொரு மணிக்கு வரச்சொல்லி
டைரியில் சீட்டு ஒட்டி அனுப்பியிருந்தார்கள்.
மூன்றாம் வகுப்பில் பிள்ளைகள் என்ன படிப்பார்கள் என்று
பெற்றோருக்குச் சொல்வார்களாம்.
இரவு ஷிப்ட் முடிந்து
ஓசூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியவள்
முகம் மட்டும் கழுவிக்கொண்டு போனேன்.

முழங்கால் தாடையில் இடிக்கிற பெஞ்ச்.
பக்கத்தில் திம்மராயன்,
ராயக்கோட்டை மண்டியிலிருந்து நேராக வந்திருந்தார்,
விரல் நுனியெல்லாம் தக்காளிச் செடியின் பச்சைக் கறை.
பின்னால் பர்வீன், மடியில் கைக்குழந்தை.
மற்ற அப்பாக்கள் கதவோரம் நின்றார்கள்,
உட்கார்ந்தால் கேள்வி கேட்டுவிடுவார்கள் என்பதுபோல.

ஜெபசீலி டீச்சர் சொல்லிக்கொண்டே போனார்.
இனி எழுத்துக் கூட்டாமல் கதை படிப்பார்கள்.
படித்துவிட்டு ஏன் என்று கேட்பார்கள்.
தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள்,
அடிக்காதீர்கள்.
கிலோ, கிராம், லிட்டர்.
முள் கடிகாரம்: கால், அரை, முக்கால்.
ரயிலடியிலிருந்து பள்ளிக்கூடம் வரை படம் வரைவார்கள்,
கோட்டை மலை எந்தத் திசை என்று
உங்களைக் கேட்டாலும் கேட்பார்கள்.
(அந்த மலையைப் பார்த்தே வளர்ந்தவள்.
திசை தெரியாது. இடது கைப் பக்கம்.)
வீட்டில் தெலுங்கு என்றால் தெலுங்கு பேசுங்கள்,
கன்னடம் என்றால் கன்னடம்,
பேச்சு மட்டும் நின்றுவிடக் கூடாது.

நடுவில் கொஞ்சம் தூங்கிவிட்டேன்.
விழித்தபோது கரும்பலகையில் ஒரு கணக்கு.
நானூற்று இரண்டு.
அதன் கீழே நூற்று எழுபத்தெட்டு.
"இதுதான் கடன் வாங்கிக் கழித்தல்" என்றார்.
அறை முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்தது.

இரண்டில் எட்டு போகாது,
பக்கத்து வீட்டில் கேட்க வேண்டும்.
பக்கத்து வீட்டில் பூஜ்ஜியம்.

அந்தப் பூஜ்ஜியத்தை எனக்குத் தெரியும்.
குழுக் கூட்டத்தில் என் பக்கத்தில் உட்காருவாள்.
செவ்வாய்க்கிழமைத் தவணைக்குக் கேட்டால்
இல்லை என்று சொல்லமாட்டாள்,
இருடி என்று சொல்லிவிட்டு
அடுத்த தெரு நான்கின் வீட்டுக்குப் போவாள்.
அவர்கள் தந்த ஒன்று அவள் கையில் பத்தாகும்.
அதில் ஒன்பதைத் தன்னிடம் வைத்துக்கொண்டு
ஒன்றை என்னிடம் நீட்டுவாள்.
அது என் கையில் பத்தாகும்.

நான்கு மட்டும்
தலையில் ஒரு கோடு வாங்கிக்கொண்டு
மூன்றாக நிற்கும்.

திம்மராயன் கை தூக்கினார்.
"டீச்சர், அந்த ஒண்ணை எப்போ திருப்பித் தரணும்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.
போன வாரம் கிரேடு நூற்றிருபதுக்குப் போட்டவர்.
டீச்சர் சாக்பீஸை உள்ளங்கையில் உருட்டினார்.
"தர வேண்டியதில்லைங்க. எல்லாம் ஒரே எண்ணுக்குள்ளதானே.
இங்கே குறைந்தது அங்கே இருக்கு.
நானூற்று இரண்டு எப்பவும் நானூற்று இரண்டுதான்."

"வட்டி?" என்றாள் பர்வீன்,
குழந்தைக்கு மட்டும் கேட்கிற குரலில்.

வீட்டுக்கு வந்தால் தர்ஷித் வாசலிலேயே நின்றான்.
"என்ன சொன்னாங்க?"
அடிக்கக் கூடாதுன்னாங்க.
"அப்புறம்?"
அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினேன்.
நான்கை வெட்டி மேலே சின்னதாக ஒரு மூன்று எழுதினான்,
நுனி நாக்கு வெளியே தெரிய.
இருநூற்று இருபத்து நான்கு வருவதற்குள்
நான் பாயில் சாய்ந்துவிட்டேன்.

எழுப்பியவன் அவன்தான்.
"அம்மா, சின்ன முள்ளு எட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி,
பெரிய முள்ளு ஒன்பதுல.
அது என்ன மணி?"

கிளம்பற மணி என்று சொல்லிவிட்டு
அடையாள அட்டையைத் தேடினேன்.