புதன்கிழமைகள்

பதினேழு வெற்றி, நான்கு தோல்வி, ஒரு சமன்.
கிறிஸ்பினின் பேரேட்டில் அவ்வளவுதான்.
மொத்தம் நூற்று இரண்டு ரவுண்டு என்று
யாரோ ஒரு குமாஸ்தா கூட்டிப் போட்டிருக்கிறான்.
புதன்கிழமைகளை அவன் கூட்டவில்லை.

மெக்சிகாலியில் வெயில்
ஆளை நிறுத்தி வைத்து விசாரிக்கும்.
மூடிப்போன ஐஸ் ஃபேக்டரியின் பின்கட்டில்
எங்கள் ஜிம்.
புதன் மாலை ஷட்டரை இறக்கிவிடுவார் அபுந்தியோ.
இறக்கினாரென்றால் தெரிந்துவிடும்.
டிக்கெட் கிடையாது, நடுவர் கிடையாது,
டாக்டர் கிடையாது.
பரிசு மட்டும் உண்டு:
எவன் எவனைத் தரையில் உட்காரவைக்கிறானோ
அவனுக்கு இருநூறு பேசோ,
கூடவே பொரித்த மீன் டாக்கோ ஒன்று.

நான் பதினோரு டாக்கோ தின்றிருக்கிறேன்.
இப்போதுதான் எண்ணுகிறேன்.
அப்போது ருசி மட்டுமே தெரிந்தது.

வருஷத்துக்கு ஐம்பது புதன்,
புதனுக்கு எட்டு ரவுண்டு,
மூன்று வருஷம்.
டயர் கடையில் பில் போடுகிற கால்குலேட்டரில்
ஒரு மத்தியானம் தட்டிப் பார்த்தேன்.
ஆயிரத்து இருநூறு.
அழித்துவிட்டுத் திரும்பத் தட்டினேன்.

ஹெட்கார்ட் இருக்கிறதே என்பார்கள்.
ஹெட்கார்ட் புருவத்தைக் காப்பாற்றும்.
புருவம் கிழிந்தால் போட்டி தள்ளிப்போகும்,
போட்டி தள்ளிப்போனால் பணம் தள்ளிப்போகும்.
உள்ளே இருப்பது குலுங்கினால்
எந்தத் தேதியும் தள்ளிப்போகாது.

அவன் மகளின் ஞானஸ்நானத்தில்
மெழுகுவர்த்தி பிடித்தவன் நான்.
ரவுண்டு முடிந்ததும் கையுறையைக் கையுறையால் முட்டிக்கொள்வோம்.
வலித்ததா என்று ஒருநாளும் கேட்டதில்லை.
மூக்கில் ரத்தமென்றால் வினிகர் துணி,
தலைவலியென்றால் ஆஸ்பிரின்,
பெயர் மறந்தால் சிரிப்பு.

ஒரு புதன், ஆறாவது ரவுண்டு.
என் இடது ஹூக் இறங்கியதும் மணி அடித்தது.
அவன் நிதானமாக நடந்து வந்து
என் மூலையில், என் ஸ்டூலில் உட்கார்ந்தான்.
ஜிம்மே சிரித்தது. நானும்.
"இன்னும் ரெண்டு இருக்கு" என்றார் அபுந்தியோ.
இருந்தது.
அடித்தேன்.

திஹுவானாவில் பட்டத்துக்கான போட்டி.
சிறுவயதிலிருந்து அவன் கேட்டுக்கொண்டிருந்த இரவு.
இரண்டாவது ரவுண்டில் எதிராளி
தூரம் பார்க்க நீட்டிய கை,
பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி ஒரு கை,
அதற்கே கால் மடங்கிப் போனான்.
கண்ணாடித் தாடை என்று மறுநாள் எழுதினார்கள்.
கண்ணாடி ஒரே அடியில் உடையும்.
இதைத் தேய்த்துத் தேய்த்து ஒருவன் வைத்திருந்தான்,
கடைசியாகத் தொட்டவன் பெயரில் நாக்-அவுட்.

டாக்டர் படத்தை விளக்கில் மாட்டி,
எந்தப் போட்டியில் பட்ட அடி என்று கேட்டார்.
ஓடிலியா என்னைப் பார்த்தாள்.
நான் சுவர்க் காலண்டரைப் பார்த்தேன்.
ஏதோ மருந்துக் கம்பெனியின் கடல், அதில் ஒரு படகு.

இப்போது அவனுக்கு நாற்பத்து மூன்று வயது.
சனிக்கிழமை கடைக்கு வருவான்,
ஓடிலியா பஸ் ஏற்றிவிடுவாள்.
சட்டைப் பித்தான்கள் ஒரு துளை தப்பியிருக்கும்.
பதினான்கு அங்குல டயர் என்ன விலை என்பான்.
சொல்வேன்.
அவனுக்குக் கார் கிடையாது.
காப்பி ஆறுவதற்குள் மறுபடி கேட்பான்.
சொல்வேன், அதே விலை.

மகள் பெயர் சில நாள் வரும்.
என் பெயர் போன வருஷமே போய்விட்டது.

ஆனால் போன சனிக்கிழமை
மேல் தட்டிலிருந்து வால்வு டப்பாவை எடுக்க
இடது கையைத் தூக்கினேன்.
அவன் தாடை தோளுக்குள் இறங்கியது.
வலது கை காதோரம் ஏறியது,
முழங்கை விலாவை ஒட்டியது,
இம்மி பிசகவில்லை.
அபுந்தியோ பார்த்திருந்தால் கைதட்டியிருப்பார்.

தூக்கிய கையோடு நின்றேன்,
எப்படி இறக்குவதென்று தெரியாமல்.

"பதினான்கு அங்குலம் என்ன விலை?" என்றான்
கைகளுக்கு நடுவிலிருந்து.