பச்சை முள்

அது விளக்கைப் பார்த்துத்தான் பாய்ந்தது.
நான் குறுக்கே இருந்தேன், அவ்வளவுதான்.

கரையிலிருந்து ஒன்பது மணி நேர ஓட்டம். பின்னிரவு.
குனிந்து தூண்டில் கயிறு வாங்கிக்கொண்டிருந்தேன்.
இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே
யாரோ தட்டிக் கூப்பிட்டதுபோல் இருந்தது.
"என்னடே?" என்று திரும்பினேன்.
இடுப்புக்கு மேலே மட்டும் திரும்பியது.

தனிஸ்லாஸ்தான் சத்தம் போட்டான்:
"முரலு! மூக்கு பாதி உள்ள இருக்கு,
ஆரும் பிடுங்கப்பிடாது!"

ஆசாரிப்பள்ளத்தில் டாக்டர்
மருந்துச்சீட்டின் பின்பக்கம் ஒரு வட்டம் போட்டார்.
தண்டுவடம், சுண்டுவிரல் பருமன் என்றார்.
வலப்பாதியைப் பேனாவால் நிரப்பினார்.
"இவ்வளவுதான் போச்சு."
எமில்டா மீன் விற்கிறவள், பாதிக்குக் கணக்குத் தெரியும்.
"அப்போ ஒரு காலு போச்சு, ஒரு காலு கிடைச்சு."
டாக்டர் கொஞ்ச நேரம் வட்டத்தையே பார்த்தார்.

வலக்கால் அசையாது.
ஊசி குத்தினால் கத்துவேன், ஐஸ் வைத்தால் ஐஸ் என்பேன்.
இடக்கால் மடங்கும், உதைக்கும், நிற்கும்.
அதற்கு ஊசியும் வெறும் விரல்தான்,
கொதிவெள்ளமும் வெறும் வெள்ளம்தான்.

தக்கலைக்காரி ரெஜிலா, கண்ணை மூடச் சொல்லி
பெருவிரலைப் பிடித்து "மேலயா, கீழயா?" என்பாள்.
இடக்காலில் தப்பியதே இல்லை.
வலக்காலுக்குப் பூவா தலையா போட்டுச் சொன்னேன்.
வயர்லெஸ் செத்த போட்டு மாதிரி
எங்கேயோ கிடக்கிறது அது, கடலில்தான்.

எங்கள் ஆற்றை வைத்துத்தான் எனக்கு விளங்கியது.
வலிக்கும் சூட்டுக்கும் அவசரம்.
இரயுமன்துறையில் வந்து ஏறியதுமே
கடத்துவள்ளம் பிடித்துத் தேங்காப்பட்டணம் தாண்டி
அக்கரை வழியே மேலே போய்விடும்.
தொடுகை நிதானக்காரி.
இக்கரையிலேயே நடந்து நடந்து
குழித்துறைப் பாலத்தில்தான் கடப்பாள்.
மேலேயிருந்து "நட" என்று இறங்கும் உத்தரவும்
அதே பாலத்தில் கடந்து
அந்தந்தக் காலின் கரையோடு வரும்.

முரல் உடைத்தது ஒரே ஒரு கரையின் பாதையை.
அதில் வலக்காலின் உத்தரவு இறங்கிக்கொண்டிருந்தது,
வலக்காலின் தொடுகை ஏறிக்கொண்டிருந்தது,
கூட்டத்தோடு கூட்டமாக, வள்ளத்தில் வந்திறங்கிய
இடக்காலின் வலியும்.

ஒருநாள் ரெஜிலா சின்னச் சுத்தியலால் வலது முட்டில் தட்டினாள்.
செத்த கால் துள்ளியது, மற்றதைவிடப் பெரிதாக.
எமில்டா சிலுவை போட்டாள்.
"மேல கேக்காம துள்ளுது அக்கா.
சேதி பாதி வழியில வந்து அங்கயே திரும்பிரும்.
அடக்குத சத்தம்தான் மேலருந்து வரல்ல."
ஸ்ராங்கு இல்லாத போட்டில் பயல்கள் போடுகிற ஆட்டம்.

வீட்டுக்கு வந்த வாரம்
வாக்கரைப் பிடித்துத் தார்ரோட்டில் நின்றேன், மத்தியானம்,
செருப்பில்லாமல், பெருமையாக.
இடது உள்ளங்கால் பொள்ளிக் குமிழ்ந்ததை
எமில்டா கத்தியபோது
அவள் காலுக்கு என்னமோ என்றுதான் பதறினேன்.

இப்போது ஒரு ஏற்பாடு.
குளிக்கும் வெள்ளத்தில் முதலில் வலக்காலைத் தூக்கி வைப்பேன்,
இரண்டு கையாலும், பிள்ளையைத் தூக்குவதுபோல்.
அது ருசி பார்த்துச் சொல்லும்.
பிறகுதான் இடக்கால் இறங்கும்.

சனிக்கிழமை தனிஸ்லாஸ் பங்கு கொண்டுவந்தான்.
எல்லாம் முரல்.
எமில்டா சட்டியோடு வாசலிலேயே நின்றாள்.
"பொரி" என்றேன்.

சதையை வழித்துவிட்டு முள்ளை முழுசாக உருவினேன்.
முரலுக்கு முள் பச்சை,
கடலைக் காய்ச்சி ஊற்றிய பச்சை.
பல்புக்கு நேரே பிடித்துக் கணுக்கணுவாக நகத்தால் பிரித்தேன்.
ஒவ்வொன்றின் முதுகிலும் ஊசிக்காது அளவு ஓட்டை.
அதில் ஓடிய நூலுக்கு அன்று ஒரு குறையும் இல்லை.
கண் வெளிச்சம் என்றது,
வால் உதறியது.

"எதத் தேடுதீரு?"
பதில் சொல்லவில்லை.
மேசைக்கடியில் எங்கோ இருந்தது வலக்கால்.
குனிந்து பார்த்துக்கொண்டேன்.