பதினெட்டு நாள்

முட்டையை விட்டு வந்த
முதல் பதினெட்டு நாள் மட்டும்
துத்தநாக ஆலையடி நீர்.
பிறகு இரண்டு வருஷம்
பனி உருகிய சுத்த ஓடை.

ஏழாம் தொட்டி மீன்களும்
மற்றவை போலத்தான் பளபளத்தன.
இரைக்கு அதே பாய்ச்சல்.
எடை போட்ட சுன்னிவா
வித்தியாசம் தெரியாமல் உதட்டைப் பிதுக்கினாள்.

மார்ச்சில் ஃபியோர்டிலிருந்து ஒரு கிருமி வந்தது,
குளிர் முடிந்தால் வருவதுதான்.
ஆறாம் தொட்டி இரண்டு நாள் சோர்ந்து
மூன்றாம் நாள் இரை கேட்டது.

ஏழாம் தொட்டியை வலை போட்டு அள்ளினோம்.
மண்ணீரலை அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால்
காவலுக்கு ஆளே இல்லை.

படிவத்தில் இறப்புக்குக் காரணம்
ஒரு சின்னக் கட்டம்.
கிருமியின் பெயர்தான் அதில் கொள்ளும்.

கட்டத்துக்கு வெளியே
பென்சிலால் 18 என்று எழுதிவிட்டு
அழிக்கட்டுமா என்பதுபோல்
என்னைப் பார்த்தாள்.