நாற்பது சென்டிமீட்டர்

துத்தநாக ஆலையின் புகைபோக்கியை
வெடிவைத்துச் சாய்த்து இருபது வருடம்.
சிலேசியாவின் இந்த மூலையில் காற்று இப்போது சுத்தம்.
காரீயமும் காட்மியமும்
விழுந்த இடத்திலேயே இருக்கின்றன,
வாடகை பாக்கியோடு வீட்டைக் காலிசெய்ய மறுப்பவர்கள் மாதிரி.

நகராட்சியின் உத்தரவு:
தோட்டத்துக்கு நாற்பது சென்டிமீட்டர் அள்ளு.
அடியில் ஆரஞ்சு வலை விரி. மேலே புது மண்.
இனி யார் தோண்டினாலும் வலை தெரிந்ததும் நிறுத்தவேண்டும்.
காகிதத்தின்படி
அதற்குக் கீழே பூமி கிடையாது.

அறுபத்திரண்டாம் எண் தோட்டம். எவால்ட் கொசிமா,
உலைப்பணியில் முப்பத்தொரு வருடம்.
ருபார்ப் போனது, பேசவில்லை.
முள்ளுப் பழப்புதர் போனது, பேசவில்லை.
செர்ரி மரத்தடிக்கு வாளி திரும்பியதும்
குறுக்கே வந்து நின்றார்.
"அங்கே பய்தெல் இருக்கிறான்."

நாய்.
"எவ்வளவு ஆழத்தில்?"
"அப்போது டிசம்பர். தரை இரும்பாக உறைந்து கிடந்தது.
முடிந்த அளவு."

உர்ஷுலா எந்திரத்தை அணைத்துவிட்டு
மண்வெட்டியோடு இறங்கினாள்.
முப்பத்தைந்தில் ஒரு கழுத்துப்பட்டைக் கொக்கி.
அதைச் சுற்றி,
எலும்பென்று சொல்ல முடியாமல், பழுப்பாய் ஏதோ.
விரல் பட்டதும் உதிர்ந்தது.

மண்ணோடு மண்ணாகிவிட்டது என்று
எத்தனை சுளுவாகச் சொல்லிவிடுகிறோம்.
என் படிவத்தில் கட்டங்கள் இருக்கின்றன:
மண், கல், கான்கிரீட், தாவரக்கழிவு, பிற.
பிற என்றால் தனி வண்டி, தனி உலை, மூன்று கையெழுத்து.
எவால்ட் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மண் என்று எழுதினேன்.
பை எண் 4417.

கொக்கியைத் தர விதியில் இடமில்லை.
அதை அவரே சொன்னார், என் சங்கடத்தைப் பார்த்து.
பிறகு அது எங்கே போனதென்று நான் கவனிக்கவில்லை.
உர்ஷுலாவின் மேல்சட்டைப் பை
ஒரு பக்கம் தொங்கியதைக்கூட.

புது மண் எண்பது கிலோமீட்டர் தள்ளி
யாரோ ஒருவரின் வயலிலிருந்து வந்தது.
மே மாதம், நூல்கோல் வரிசைக்கு நடுவே
யாரும் விதைக்காத கோதுமை.
எவால்ட் பிடுங்கவில்லை.
"ஊர் மாறி வந்திருக்கிறது. இருக்கட்டும்."

ஜூலையில் மூன்று நூல்கோலோடு அலுவலகம் வந்தார்.
ஒன்றை நறுக்கி, உலர்த்தி, ஆய்வகத்துக்கு அனுப்பினேன்.
முடிவு வரப் பத்து நாள்.
அதுவரை வாயில் வைக்காதீர்கள் என்றேன்,
முப்பது வருடம் அந்த மண்ணில் விளைந்ததைத் தின்றவரிடம்.
அவர் சிரிக்கவுமில்லை.

உர்ஷுலா இரண்டாவதை எடுத்து
கால்சட்டையில் துடைத்து
கடித்தாள்.
அறை முழுக்க அந்த மொறுமொறுப்பு.

மூன்றாவது என் மேசைமேல் இருக்கிறது.
இன்று ஆறாவது நாள்.