பதர்

ஒன்ராறியோ ஏரி அன்றிரவு
ஊர்மேல் பனியாய்க் கொட்டிக்கொண்டிருந்தது.
ராச்செஸ்டரில் பேருந்து நின்று மூன்று மணி நேரம்.
வீடு போக வழியற்ற மார்செல்லா டூடெக்
ஒரு கட்டையில் துளை போட்டுக்கொண்டிருந்தாள்.

கட்டை என்றால் எண்கள்.
துளை என்றால் கழித்தல்.
கட்டையிலிருந்து ஓர் உருளையை எடுத்துவிடு,
அவ்வளவுதான்.

அதுவரை பலரும் கம்பியில்தான் கட்டினார்கள்.
விளிம்புகள், நடுவே வெறும் காற்று:
கோழிக்கூண்டு.
துளை மேலிருந்து கீழா, இடமிருந்து வலமா?
கூண்டைக் கேட்டால்
அது நம்மைத் திருப்பிக் கேட்கும்.

திரை ஒருமுறை பச்சையாய்ப் பளிச்சிட்டு
அழிந்து, மெல்ல வரைந்தது.
துளை இருந்தது.
துளையின் வாயில் ஒரு தோலும் இருந்தது.

கட்டையின் உயரம் இரண்டு அங்குலம்.
உருளையும் அதே இரண்டு.
இரு முகமும் ஒரே தளத்தில் வந்து உட்கார்ந்தால்
எதை வைப்பது, எதை எறிவது?
நிரல் திணறியது.
தடிமன் பூஜ்யம்,
ஆனாலும் இருக்கிறது.
பாலாடையையாவது விரலால் வழிக்கலாம்.

பட்டறையிலிருந்து காபிக்கு வந்த சால் இங்க்ராசியா
திரையைப் பார்த்துச் சிரித்தார்.
"டிரில் கொஞ்சம் தாண்டி இறங்கட்டும்.
அடியில் ஒரு பழைய பலகை வை.
இதுக்கா ராத்திரி முழுக்க?"

உருளையை ஒரு நூல் நீட்டினாள்.
தோல் போயிற்று.
அப்படிப் போனது பிடிக்கவில்லை.
மறுபடி குறுக்கினாள்.
வந்து நின்றது.

விடியும்போது துளை அட்டையின் முதுகில்
பென்சிலில் மூன்று வரி:
தோலை முழுக்க உரி.
மிஞ்சும் சதையை மட்டும் எடு.
அதற்குப் புதிதாய்த் தோல் போர்த்து.

சதையே இல்லாத தோல்
திரும்பி வரவில்லை.
புடைத்த முறத்தில் பதர் ஏது?

அப்புறம் சும்மா, ஆசைக்கு,
எடை எவ்வளவு என்று கேட்டாள்.
கூண்டுகளிடம் கேட்கமுடியாத கேள்வி.
அலுமினியமானால், என்றது எந்திரம்,
பத்து அவுன்ஸ்.

மதியம் சால் நிஜத்தைக் கொண்டுவந்தார்,
இன்னும் வெதுவெதுப்பாய், எண்ணெய் நாற்றத்தோடு.
தபால் தராசில் பத்தரை.
துளையின் கீழ்விளிம்பில் கட்டைவிரலை ஓட்டியவர்
ச்சூ என்று இழுத்துக்கொண்டார்.
பிசிறு. பொட்டு ரத்தம்.
"இந்தா, உன் தோல்."

அரத்தால் ராவிவிட்டு வைத்தார்.
முள் நகரவில்லை.
"தராசு அப்படித்தான்" என்றார்,
"தபால்காரங்க பணம் பண்ணவேண்டாமா?"

அவள் பதில் சொல்லாமல்
கட்டையைத் தூக்கி ஜன்னல் பக்கம் பிடித்தாள்.
ஓரங்குல வட்டத்துக்குள்
அன்றைய முதல் பேருந்து
பனியைத் தள்ளித் தள்ளி வந்துகொண்டிருந்தது.